மயில் தோகையும் மாமன் பெயரும்

போன வாரம் பேத்திக்குக் காதுகுத்துப் பத்திரிகை அடித்தோம். ஊரெல்லாம் கொடுத்தும் முடித்தோம். அப்புறம்தான் முதுகுளத்தூரிலிருந்து மருமகளின் அண்ணன் பாண்டி வந்து இறங்கினார் — முகத்தில் சிரிப்பே இல்லை.

மருமகள் கனகா படம் வரைகிறவள். பத்திரிகை, போஸ்டர், புத்தக அட்டை எல்லாம் செய்வாள். முன்பு வைத்திருந்த சாப்ட்வேரில் எழுத்து கட்டம் கட்டமாகத்தான் நிற்குமாம். இவளுக்கோ அது மயில் தோகையை ஒட்டி வளைந்து போக வேண்டும். என்ன செய்தாள்? பக்கம் அமைக்கிற சாப்ட்வேரைத் தானே எழுதிவிட்டாள்! அதைப் பூட்டியும் வைக்கவில்லை. யாரும் சும்மா எடுக்கலாம், உள்ளே திறந்து திருத்தலாம் என்று இன்டர்நெட்டில் போட்டுவிட்டாள்.

அதில் அடித்த முதல் பத்திரிகை இதுதான். மயில் அழகு. எழுத்து தோகையைச் சுற்றி ஓடியது. ஓடிய ஓட்டத்தில், இடம் பற்றாத கடைசி வரி சத்தமில்லாமல் கழன்றுபோனது. எங்கள் பக்கம் கடைசி வரி யாருக்கு? தாய்மாமனுக்கு!

"மயிலுக்கு எடம் இருக்கு, மாமனுக்கு எடமில்லையாத்தா?" என்றார் பாண்டி.

நான் அடுப்படிக்குள் போய்விட்டேன். சம்பந்தி வீட்டார் முன்னால் எனக்கு இன்னும் பேச்சு வருவதில்லை. காது மட்டும் வெளியேதான். மாமன் மடியில் உட்காராமல் பிள்ளைக்குக் காது குத்த முடியுமா?

"கம்ப்யூட்டருதாண்ணே..." என்று இழுத்தாள் கனகா.

"அந்தச் சாப்ட்வேரச் செஞ்சது யாரு?"

"நாந்தாண்ணே."

எந்த ஆபீஸுக்குப் போனாலும் கம்ப்யூட்டரைக் கைகாட்டித் தப்பித்துக்கொள்கிறார்கள். சொந்தமாகச் செய்தவளுக்கு அந்த வழியும் இல்லை பாருங்கள்!

கனகா அங்கேயே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். பாண்டி பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இனி எடம் பத்தலைன்னா கட்டம் செவக்கும்ணே. பிரிண்டும் ஆகாது."

"அது பத்தாது. மாமன் பேரு இருக்கான்னும் கேக்கணும்."

"வெளிநாட்டுக்காரனும் எடுப்பாண்ணே. அவன்ட்டப் போயி மாமனக் கேட்டா முழிப்பான்."

"மாமன் இல்லாத ஊரு எங்கத்தா இருக்கு?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெளியேயும் கேட்டுவிட்டது.

"அங்கன பாரு, அத்தையே சிரிச்சுட்டாக!" என்றார் பாண்டி. முகம் இளகியது. "பத்திரிகையப் புதுசா அடி ஆத்தா. மாமன் வாரேன்."

கனகா யோசித்து, ஒரு கேள்வியை மட்டும் உள்ளே சேர்த்தாள். பிரிண்ட் கொடுத்தால், 'யாரையும் விட்டுவிடவில்லையே?' என்று கேட்கும்.

இனி உலகத்தில் எந்த மூலையில் யார் அந்தச் சாப்ட்வேரில் எதை அச்சடிக்கப் போனாலும், எங்கள் பாண்டி ஒரு நிமிஷம் குறுக்கே நிற்பார்!