காரில் நின்ற வெள்ளக்கோடு

எங்கள் வீட்டு வெள்ளை அம்பாசடருக்குப் பெயிண்ட் அடிப்பதா வேண்டாமா என்று இரண்டு மாதம் பேசினோம். அடித்தே ஆக வேண்டும் என்பது என் கணவரின் கட்சி. தை கடைசியில் அவருடைய தங்கைக்குக் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்கு அந்தக் கார்தான் போக வேண்டும். என் கட்சி என்னவென்று எனக்கே சரியாகத் தெரியாது. வெள்ளத்தில் அதன்மேல் படிந்த கறை ஏன் அப்படி இருக்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ளலாமே என்பேன். பூகோள டீச்சரைக் கட்டிக்கொண்டால் இதையெல்லாம் கேட்டுத்தான் ஆக வேண்டும் என்று அவர் தலையில் அடித்துக்கொள்வார்.

கறை வந்த கதை தெருவுக்கே தெரியும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு கார்த்திகை மாதம், மலையில் விடாத மழை. ஒருநாள் விடிந்தபோது தாமிரபரணி கரையேறி சிந்துபூந்துறையில் எங்கள் தெருவுக்குள் வந்துவிட்டது. கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு மேட்டில் இருந்த உறவினர் வீட்டுக்கு ஓடினோம். காரை எடுக்க நேரமில்லை. மறுநாள் திரும்பி வந்தால், கொட்டகையில் கார் நின்ற இடத்திலேயே நின்றது. அதன் கதவுகள் ஒருநாளும் ஒழுங்காக மூடிக்கொண்டதில்லை. அதனால் உள்ளேயும் தண்ணீர் புகுந்து, மிதக்காமல் தப்பித்தது. கதவுப் பிடிக்கு ஒரு சாண் கீழே, வண்டியைச் சுற்றிலும் ஒரு பழுப்புக் கோடு. தெருமுனை மெக்கானிக் பட்டறையிலிருந்து மிதந்து வந்த கழிவு ஆயிலும் ஆற்று வண்டலும் சேர்ந்து பெயிண்டில் ஊறிப்போயிருந்தது.

இன்ஜினைக் கழற்றி மாட்டி ஓட வைத்துவிட்டார்கள். கோடு மட்டும் போகவில்லை. சோப்பு, மண்ணெண்ணெய், பல்பொடி என்று நாங்கள் போடாத வைத்தியம் இல்லை. பெயிண்டர் வந்து ஒரு மூலையில் தேய்த்துப் பார்த்தார். கறை பாதி போனது, பளபளப்பு முழுதாகப் போனது. அங்கங்கே ஒட்டுப்போட்டால் நிறம் சேராது, முழுவதும் சுரண்டி, பட்டி பார்த்து, புதிதாக அடிப்பதுதான் வழி என்று சொல்லிவிட்டுப் போனார்.

எனக்கோ வேறு யோசனை. அந்தக் கோடு சாய்வாக இருந்தது. முன்பக்கம் உயரத்திலும் பின்பக்கம் நாலு விரல் தாழ்ந்தும் ஓடியது. தண்ணீர் எப்படிச் சாயும்? பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் காரைச் சுற்றிச் சுற்றி வந்தேன். எதிர்வீட்டுக்காரர்கள் நான் கார் ஓட்டப் பழகப் போவதாக நினைத்தார்கள். கடைசியில் ஒரு தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றிக் கொட்டகைத் தரையில் வைத்துப் பார்த்தபோதுதான் புரிந்தது. காரின் முன்பக்கம் இருந்த தெருப்பக்கமாகத் தரை சரிந்திருந்தது. சாய்ந்து நின்றது கார்தான். தண்ணீர் மட்டமாகத்தான் நின்றிருக்கிறது. இதைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் அன்று ரசத்துக்கு உப்புப் போட மறந்துவிட்டேன்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் மூன்று படி இறங்கினால் ஒரு முடுக்கு, குறுகலான சந்து. அதில் ஒரு மண்சுவர் வீட்டில், கணவனை இழந்த ஒரு பெண் கைக்குழந்தையோடு இருந்தாள். இட்லி சுட்டு விற்பாள். வெள்ளத்தன்று கழுத்து வரைக்கும் தண்ணீரில் நின்றதாகச் சொல்வாள். அவள் குள்ளம். போதாததற்கு எதையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வாள் என்று நாங்கள் முடிவு கட்டியிருந்தோம். நானும்தான்.

அவள் வீடு வெள்ளத்தன்று விழவில்லை. ஊறிப்போன சுவர் மார்கழியில், வெயில் நன்றாக அடித்த ஒரு மத்தியானம் விழுந்தது. நல்லவேளை, இருவரும் வெளியே இருந்தார்கள். அதற்குள் இடிந்த வீடுகளின் பட்டியலை எழுதி முடித்துவிட்டார்கள். பட்டியலில் பெயர் இருந்தால்தான் அரசாங்கம் வீடு கட்டித் தரும். மிச்சமிருந்த ஒரு சுவரில் சாக்கைக் கட்டிக் குழந்தையோடு படுத்திருந்தவள் மனு எழுதிப் போட்டாள். எழுதிக் கொடுத்தது நான்.

பொங்கல் கழித்து வருவாய் ஆய்வாளர் விசாரிக்க வந்தார். நல்ல மனிதர்தான். முடுக்கில் கணுக்கால் அளவு தண்ணீர் வந்ததாகத்தான் தன்னிடமுள்ள அறிக்கையில் எழுதியிருக்கிறது, அதற்குச் சுவர் விழாது, வெள்ளம் நின்ற அடையாளத்தைக் காட்டுங்கள் என்றார். எல்லோரும் அவரவர் சுவரைப் பார்த்தோம். பொங்கலுக்கு வெள்ளையடிக்காமல் இருப்போமா? தெரு முழுக்கப் பளிச்சென்று இருந்தது. வீடு இடிந்துபோன வருஷமாயிற்றே என்று கூடப் பார்க்காமல் அவளும் அந்த ஒற்றைச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்திருந்தாள். ஒரு தெருவே சேர்ந்து தன் சாட்சியைத் தானே அழித்துவிட்டு நின்றது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

அப்போதுதான் காரின் நினைவு வந்தது. ஆய்வாளரைக் கொட்டகைக்கு அழைத்துப் போனேன். அவர் கோட்டைப் பார்த்துவிட்டு, "கார் ஓடுற சாமான் டீச்சர். அன்னைக்கு எங்க நின்னுச்சோ, யார் கண்டா?" என்றார்.

அந்தக் கேள்விக்காகவே நான் பிறந்ததுபோல் இருந்தது. பக்கத்தில் வேலை செய்துகொண்டிருந்த கொத்தனாரைக் கூப்பிட்டேன். கொத்தனார்கள் மட்டம் பார்க்க, கண்ணாடிபோல் உள்ளே தெரியும் நீளமான பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி வைத்திருப்பார்கள். இரண்டு முனையையும் தூக்கிப் பிடித்தால் தண்ணீர் இரண்டிலும் ஒரே உயரத்தில் நிற்கும். ஒரு முனையைக் காரின் முன்பக்கக் கோட்டிலும் மறுமுனையைப் பின்பக்கக் கோட்டிலும் பிடிக்கச் சொன்னேன். தண்ணீர் இரண்டு கோட்டிலும் சரியாக நின்றது. காரை வெளியே தள்ளித் தெருவில் நிறுத்திப் பார்த்தோம்; சேரவில்லை. திரும்பத் தள்ளி வந்து பழைய இடத்தில் நிறுத்தினால் சேர்ந்தது. ஆய்வாளர் தானே குனிந்து இரண்டு தரம் பார்த்தார். அப்புறம் குழாயின் ஒரு முனையை முடுக்குக்குக் கொண்டுபோகச் சொன்னார்.

நீளம் போதாமல் இன்னொரு குழாயை ஒட்டுப்போட்டார்கள். கொத்தனார், "பைய, பைய, தூக்கிராதிய" என்று சொல்லிக்கொண்டே படியிறங்கினார். அவளுடைய வெள்ளைச் சுவரில் தண்ணீர் அசைந்து அசைந்து நின்ற இடத்தில் ஒரு கரித்துண்டால் கோடு போட்டார். யாரும் அவளைக் கூப்பிடவில்லை. அவளாகவே வந்து சுவரில் முதுகைச் சாய்த்து நின்றாள். கோடு அவள் தொண்டைக்குழிக்கு நேராக இருந்தது. ஆய்வாளர் எழுதத் தொடங்கினார். நான் தலைகுனிந்து நின்றேன். வெட்கமாக இருந்தது.

பட்டியலில் அவள் பெயர் ஏறிவிட்டது. தெருவில் எனக்கு ஒரே பெருமை. காரை வந்து பார்க்காத ஆள் இல்லை. ஒவ்வொருவருக்கும் தாம்பாளம் வைத்து விளக்கினேன். இனி இதற்குப் பெயிண்டே அடிக்கக் கூடாது, கல்யாணத்துக்கு வாடகைக் கார் பிடித்துக்கொள்ளலாம் என்றேன். என் கணவரும் அரைமனதாகத் தலையாட்டிவிட்டார்.

ஒரு நாள் காலையில் அவள் குடத்தோடு கொட்டகைப் பக்கம் வந்தாள்.

"டீச்சர், சொல்லுதேன்னு தப்பா நினைச்சிராதீங்க. அந்தக் கோட்டை அழிச்சிருங்க" என்றாள். "தெனமும் தண்ணி எடுக்கப் போகையில கண்ணுல படுது. படுதப்பல்லாம் நான் பிள்ளைய தலைக்கு மேல தூக்கிட்டு நிக்கேன்."

பக்கத்தில் நின்ற என் கணவர் சாவியை எடுத்தார். அன்றைக்கே கார் பட்டறைக்குப் போனது. கோடு ஏன் சாய்ந்தது, தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்று எவ்வளவோ கேட்டவள் நான். அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எவ்வளவு நேரம் அப்படி நின்றாள் என்று மட்டும் கேட்டதே இல்லை.