காது குறைத்து வரைந்த குதிரைகள்

நான் ஓவியரானதற்குக் காரணம், என் கணவருக்குப் பேச விஷயம் தீர்ந்துபோனதுதான்.

கம்பெனியின் வருடாந்திர விருந்தில் அவரை மேனேஜரின் மனைவிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்கள். மேனேஜர் வெள்ளைக்காரர். அவர் மனைவியைக் கம்பெனியில் எல்லோரும் மேடம் என்றுதான் சொல்வார்கள். சூப் வருவதற்குள் இருவரும் துபாய் வெயிலைப் பற்றிப் பேசி முடித்துவிட்டார்கள். அதற்கு மேல் மௌனத்தைத் தாங்க முடியாமல், “என் மனைவி நன்றாகப் படம் வரைவாள்” என்று சொல்லிவிட்டார். நான் எதிரே குழந்தைக்கு உருளைக்கிழங்கு மசித்துக்கொண்டிருந்தேன்.

அது பொய்யில்லை. விலங்கியல் பட்டப்படிப்பில் என் ரெக்கார்டு நோட்டில் இருந்த தவளையின் செரிமான மண்டலத்தை, வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் பக்கத்து மேஜைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டியிருக்கிறார். அதற்குப் பிறகு கல்யாணம், துபாய்க்குப் பக்கத்தில் அஜ்மானில் ஒரு ஃப்ளாட், குழந்தை. தவளை வரையச் சந்தர்ப்பம் வரவில்லை.

“குதிரை வரைவீர்களா?” என்று மேடம் என்னைக் கேட்டார்.

“வரைவாள்” என்றார் என் கணவர். அந்த வருடம் அவருடைய காண்ட்ராக்டைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது.

மேடம் ஒரு சங்கத்தின் தலைவி. காட்டுக் குதிரைகளை மீட்டு, தத்துக் கொடுத்து, வாழவைக்கும் சங்கம். அரேபியாவுக்கு வந்தாயிற்று, அரேபியாவில் குதிரை இருக்கும், அது கஷ்டப்படும் என்ற நம்பிக்கையில் வெள்ளைக்காரப் பெண்மணிகள் சிலர் சேர்ந்து ஆரம்பித்தது. லெட்டர்ஹெட் அச்சடித்த பிறகுதான் தெரிந்தது, அந்தப் பக்கத்தில் காட்டுக் குதிரையே கிடையாது என்று. குதிரை வைத்திருந்தவர்கள் அவற்றை ஏசி போட்ட லாயத்தில் வைத்து, எங்கள் ஃப்ளாட்டைவிட நன்றாகப் பார்த்துக்கொண்டார்கள். கேட்பாரில்லாமல் திரிந்தவை கழுதைகள். மலைப் பக்கம் ரோடு போட்டதும், பிக்கப் வண்டி வந்ததும், அதுவரை தண்ணீரும் விறகும் சுமந்த கழுதைகளை அவிழ்த்து விட்டுவிட்டார்கள். அவை வேலை போன ஆட்கள் மாதிரி ரோட்டில் வந்து நின்று கார்களைப் பார்த்துக்கொண்டிருந்தன.

சங்கம் கழுதையை மீட்க முடிவு செய்தது. லெட்டர்ஹெட்டை மாற்ற மட்டும் முடியாது என்றார்கள்.

மீட்கப்பட்டது ஒரே ஒரு பெண் கழுதை. தண்ணீர் டேங்கர் இடித்து அதன் பின்னங்கால் ஒன்று ஊனமாகியிருந்தது. அதைக் கட்டடச் சாமான் போட்டுவைக்கும் கம்பெனி யார்டில் கட்டியிருந்தார்கள். தத்தெடுக்க ஆள் தேடிச் சங்கம் நடத்தவிருந்த கண்காட்சிக்கு நான் படம் வரைய வேண்டும்; மாடல் அதுதான். ஒரு வெள்ளிக்கிழமை காலையில் என் கணவர் என்னையும் குழந்தையையும் அங்கே கொண்டுபோய் விட்டார். போகும் வழியெல்லாம் கழுதை முடியால் குழந்தைக்கு மூச்சிரைப்பு வருமா என்று கவலைப்பட்டேன். என்னிடமிருந்த குழந்தை வளர்ப்புப் புத்தகத்தில் பூனை, நாய் வரைக்கும்தான் எழுதியிருந்தது.

யார்டின் காவலாளர் ராமநாதபுரத்துக்காரர். காவல் வேலை செய்பவரை அங்கே நாத்தூர் என்பார்கள். சாரக் குழாய்களுக்கும் சிமெண்ட் மூட்டைகளுக்கும் நடுவே நின்ற கழுதையை அவர் எனக்கு அறிமுகம் செய்துவைத்தார்.

“மேடம் இதைக் குதிரைங்கிறாக. நான் என்னத்தைச் சொல்ல? விசா குடுத்த கபீல் குதிரைன்னா குதிரை, ஒட்டகம்னா ஒட்டகம். ஆனா ராத்திரி கத்துறது மட்டும் கழுதையாத்தான் கத்துது தங்கச்சி.”

“கால் சரியாகிடுமாண்ணே?”

“நடக்கும், ஓடாது. அடுத்த மாசம் புது சைட்டுக்குச் சாமான் இங்க வந்து இறங்குது, இடம் வேணும். அதுக்குள்ள யாராச்சும் கூட்டிப் போகலேன்னா டாக்டரு வந்து ஊசி போட்டு கலாஸ் பண்ணிருவாராம்.”

அதை அவர் கழுதைக்கு எதிரிலேயே சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. அது சிமெண்ட் மூட்டைக் காகிதத்தைத் தின்றுகொண்டே என்னைப் பார்த்தது. இடுப்பிலிருந்த என் மகள் கையை நீட்டினாள். நான் விலகி நின்றேன். பிறகு ஏன் விலகினேன் என்று தோன்றி, கொஞ்சம் கிட்டப் போனேன்.

முதல் படத்தை விலங்கியல் மாணவியாகவே வரைந்தேன். காது, தோளில் குறுக்கே ஓடும் கறுப்புக் கோடு, வளைந்த கால் எல்லாம் அளவு பிசகாமல் இருந்தன. மேடம் அதை வெகுநேரம் பார்த்தார்.

“அற்புதம். காதுகளை மட்டும் கொஞ்சம் குறைக்கலாமா?”

குறைத்தேன்.

“பிடரியில் கொஞ்சம் காற்று அடித்தால் நன்றாக இருக்கும்.”

காற்று அடித்தது. அடுத்தடுத்து நிறம் வெளுத்தது, கழுத்து வளைந்தது, ஊனக் கால் குணமாகிப் பாலைவனத்தில் நாலு கால் பாய்ச்சலில் ஓடியது. ஒரே கழுதை வெள்ளையாக, கறுப்பாக, செம்பழுப்பாக, அஸ்தமனத்துக்கு முன்னால், அஸ்தமனத்துக்குப் பின்னால் என்று குதிரைக் கூட்டமாகவே ஆகிவிட்டது. இரவில் எனக்குத் தூக்கம் வரவில்லை.

“ஏங்க, இது ஏமாத்து வேலை இல்லையா?”

“கழுதையைக் கழுதை மாதிரி வரைஞ்சா யாரு தத்தெடுப்பா? கல்யாணத்துக்கு முன்னாடி எனக்கு உன் போட்டோ ஒண்ணு அனுப்புனாங்களே, ஞாபகம் இருக்கா? அதுல நீ எவ்ளோ சிவப்பா இருந்த?”

அதற்குப் பிறகு இரண்டு நாள் நான் அவருடன் அவசியத்துக்கு மட்டுமே பேசினேன். ஆனால் அவர் சொன்னதில் நியாயம் இருக்குமோ என்றும் யோசித்தேன். அந்த யோசனையிலேயே கடைசியாக ஒரு படம், நேர்முகமாக, காது முழுநீளத்தில், எங்களுக்கென்று வரைந்து வைத்தேன். என் கணவர் கட்டிலுக்கடியில் இருந்ததையெல்லாம் வாரி எடுத்தபோது அதுவும் கண்காட்சிக்குப் போய்விட்டது.

கண்காட்சி ஒரு ஹோட்டல் ஹாலில் நடந்தது. படம் வாங்கினால் குதிரையைத் தத்தெடுத்ததாகச் சான்றிதழ் உண்டு. பெண்மணிகள் கண் கலங்கக் கலங்க வாங்கினார்கள். ஒருவர் வெள்ளைக் குதிரைக்குத் தன் பாட்டியின் பெயரை வைத்தார். இன்னொருவர் கறுப்புக் குதிரையின் கண்ணில் ஒரு சுதந்திரம் தெரிகிறது என்றார். அந்தக் கண், சிமெண்ட் காகிதம் இன்னும் இருக்கிறதா என்று பார்த்த கண் என்பது எனக்குத் தெரியும். நேரில் வந்து கூட்டிப்போக முடியுமா என்று நான் தயங்கித் தயங்கிக் கேட்டபோது, ஒருவருக்கு ஃப்ளாட், ஒருவருக்குப் புதுப் புல்தரை, ஒருவருடைய நாய்க்கு மனசு கஷ்டப்படும். அத்தனை பேர் தத்தெடுத்தும் கழுதை அநாதையாகவே இருந்தது.

சிறப்பு விருந்தினராக வந்த அரபுப் பெரியவர் நிஜமாகவே குதிரை வளர்ப்பவர். பாய்ந்தோடும் வெள்ளைக் குதிரைக்கு முன்னால் நின்று, “இதை எங்கே பார்த்தீர்கள்?” என்று கேட்டார்.

“கம்பெனி யார்டில்” என்றேன். பொய் சொல்லத் தைரியம் இல்லை.

அவர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “மாஷா அல்லாஹ்” என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்கு நகர்ந்தார். மரியாதை தெரிந்த மனிதர்.

அப்போதுதான் ஹாலின் கோடியில் சத்தம் கேட்டது. நாற்காலி தூக்கிப் போடக் கம்பெனியிலிருந்து வந்திருந்த நம் ஆட்கள், யாரும் வாங்காத கடைசிப் படத்தைச் சுற்றி நின்றிருந்தார்கள். நடுவில் ராமநாதபுரத்து அண்ணன்.

“தங்கச்சி! எழுத்தை எங்க காணோம்?”

“என்ன எழுத்துண்ணே?”

“‘என்னைப் பார் யோகம் வரும்’னு கீழ போடணும்ல! எழுத்து இல்லாம வெறுங் கழுதைய வச்சு நாங்க என்ன பண்றது?”

எனக்கு உறைத்தது. நம் ஊரில் பாதிக் கடைகளில், உள்ளே நுழைந்ததும் கண்ணில் படுகிற மாதிரி கழுதைப் படமும் அதன் கீழே அந்த வாசகமும் மாட்டியிருப்பார்கள். காலையில் முதல் வேலையாகக் கழுதை முகத்தில் விழித்தால் நல்லது நடக்கும் என்று நம்பிக்கை. வளைகுடாவுக்கு வந்தவர்கள் ஊறுகாய், சாமி படம், டேப் ரிகார்டர் கேசட் எல்லாம் கொண்டுவந்திருந்தார்கள். கழுதையைக் கொண்டுவர மறந்துபோனார்கள்.

அங்கேயே பேனா வாங்கி எழுதிக் கொடுத்தேன். மேடம் எட்டிப் பார்த்து, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். “குதிரையின் பெயர்” என்றேன்.

அதன் பிறகு எங்கள் வீட்டுக் கதவை ஆட்கள் தட்டத் தொடங்கினார்கள். கஃபெட்டீரியாக்காரர், தையல்காரர், முடிவெட்டுபவர், ஒரு தொழிலாளர் கேம்பின் சமையல்காரர். எல்லோருக்கும் கழுதை வேண்டும். காதில் சிக்கனம் கூடாது என்று ஒருவர் தனியாகச் சொல்லிவிட்டுப் போனார். மகளைத் தூளியில் போட்டு ஒரு கையால் ஆட்டிக்கொண்டே மறு கையால் காது வரைந்தேன்.

யார்டுக்குச் சாமான் வரும் வாரமும் வந்துவிட்டது. “சனிக்கிழமை டாக்டர் வருகிறார். நம்மால் முடிந்ததைச் செய்தோம்” என்று மேடம் போனில் சொன்னார். குரல் உண்மையாகவே தழுதழுத்தது. அவரைக் கேலி செய்ய அன்று எனக்கு மனம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் யார்டுக்குப் போனேன். எதற்குப் போனேன் என்று எனக்கே தெரியவில்லை. அங்கே அண்ணனோடு அவருடைய மச்சான் நின்றிருந்தார். தைத் என்ற ஊர்ப் பக்கத்தில் ஒரு அரபியின் தோட்டத்தில் தக்காளியும் புல்லும் வளர்த்து, பிக்கப்பில் மார்க்கெட்டுக்கு ஓட்டுபவர். இரண்டு வருடமாகத் தக்காளி சரியாக வரவில்லையாம். தோட்டத்து வாசலில் மாட்டப் பெரிய கழுதைப் படம் வேண்டும் என்றார்.

“படம் வெயில்ல வெளுத்துடும்” என்றேன். “படத்துல இருக்கிறது இதுதாண்ணே. இதையே கூட்டிட்டுப் போங்களேன்.”

மச்சான் கழுதையைப் பார்த்தார். “இதா? அசலா?”

“படத்தைப் பாத்தாலே யோகம்னா...” என்று ஆரம்பித்தேன். விலங்கியல் படித்தவள் பேசுகிற பேச்சா என்று தோன்றி நிறுத்திக்கொண்டேன்.

அண்ணன் விடவில்லை. “அடேய் மாப்ள, ஊரே நகலுக்கு அலையுது. உனக்கு ஒரிஜினலு ஓசியா வருது. யோசிக்கிறியே! உங்க அரபி என்ன சொல்வாரு?”

“அவுக வாப்பா காலத்துல நிறைய கழுதை வச்சிருந்தாகளாம். சந்தோஷந்தான் படுவாரு.”

“பெறகென்ன? யல்லா, ஏத்து!”

நாலு பேர் சேர்ந்து அதைப் பிக்கப்பில் ஏற்றினார்கள். தன் வேலையைப் பறித்த வண்டியில் அது கொஞ்சம்கூடக் கோபமில்லாமல் ஏறி நின்றது. சங்கத்தின் ஆண்டறிக்கையில், காட்டுக் குதிரை ஒன்று இயற்கையான சூழலில் வெற்றிகரமாகக் குடியமர்த்தப்பட்டது என்று பிற்பாடு எழுதினார்கள். என் கணவரின் காண்ட்ராக்ட் புதுப்பிக்கப்பட்டது. அதற்குக் குதிரைகளே காரணம் என்கிறார் அவர்.

வண்டி கிளம்பும் நேரத்தில் ஆட்களை வேலைக்கு ஏற்றிப்போகும் டூட்டி பஸ் ஒன்று யார்டு வாசலில் வந்து நின்றது. அதிலிருந்தவர்கள் விஷயம் கேள்விப்பட்டு இறங்கி வந்து, வரிசையாக ஒவ்வொருவராகக் கழுதையின் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி ஏறினார்கள். அது எல்லோரையும் சமமாகப் பார்த்து மென்றுகொண்டிருந்தது.

மகள் என் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பினால் அழுவாள், தூக்கம் கெட்டால் சளி பிடிக்குமோ என்று ஒரு நிமிடம் யோசித்தேன். பிறகு எதற்கும் இருக்கட்டும் என்று, அவளை மெதுவாக எழுப்பி முகத்தை வண்டிப் பக்கம் திருப்பினேன்.