"பாக்கலை" என்று சொன்ன அண்ணன்

அண்ணன் எங்களைப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. இன்று மாதா கோயில் பூசைக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்களுக்கு அவருடைய தங்கை எழுதுகிறேன். உங்களை அழவைக்கும் எண்ணம் எனக்கில்லை. அண்ணனே அதற்கு விடமாட்டார்.

அண்ணன் பிறந்தது தருவைகுளத்தில். அப்பா கடலில் தவறிய பிறகு அம்மா எங்கள் இருவரையும் தூத்துக்குடிக்குக் கூட்டி வந்து, கருவாடு விற்று வளர்த்தார்கள். அண்ணனுக்கு எதையும் திறந்து பார்த்தாக வேண்டும். வீட்டில் இருந்த ஒரே கடிகாரத்தை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப்போட்டார். அது பிறகு ஓடவேயில்லை. அம்மா திட்டியதற்கு, "உள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சிதுல்லா" என்றார் சந்தோஷமாக.

வளர்ந்து சங்கு குளிக்கப் போனார். அது இரண்டாம் உலக யுத்த காலம், முத்துக்குளிப்பு நடக்கவில்லை. ஆனாலும் கடலடியில் சிப்பி விளைந்திருக்கிறதா என்று சோதிக்கப் போகும் படகில் அண்ணனையும் கூப்பிடுவார்கள். கீழே சிப்பி கிடைத்துவிட்டால், முங்கிய குளியாள் கயிற்றைச் சுண்டி இழுப்பார். மேலே இருப்பவர்கள் தூக்கிவிடுவார்கள். வெறுங்கையோடு வந்தால் "இல்லை" என்று சொல்லக் கூடாது, "பாக்கலை" என்றுதான் சொல்ல வேண்டும். இல்லை என்றால் படகு திரும்பிவிடும். பாக்கலை என்றால் இன்னொரு தடவை முங்கலாம்.

இந்தச் சொல்தான் அண்ணனின் கல்யாணத்தையே கவிழ்க்கப் பார்த்தது. யுத்தம் முடிந்த சமயம், புன்னைக்காயலில் பெண் பேசி முடித்திருந்தோம். கோயிலில் இன்னாருக்கு இன்னார் என்று கல்யாண ஓலை வாசிக்குமுன் மாப்பிள்ளையும் பெண்ணும் பங்குச் சாமியாரிடம் மந்திரமும் ஞானோபதேசக் கேள்வி பதிலும் ஒப்பிக்க வேண்டுமல்லவா? சாமியார் கடற்கரைக்குப் புதியவர்.

"சர்வேசுரன் எங்கே இருக்கிறார்?" என்று கேட்டார்.

எங்கும் இருக்கிறார் என்று ஒப்பித்திருந்தால் போதும். அண்ணன் யோசித்து, "நான் இன்னும் பாக்கலை, சாமி" என்றார்.

சாமியாரின் முகம் சிவந்துவிட்டது. "சர்வேசுரன் இல்லை என்கிறவனுக்கு ஓலை வாசிக்க மாட்டேன்" என்று எழுந்துவிட்டார். எனக்கு அண்ணன்மேல் வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. ஒரு நாளாவது வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கக் கூடாதா?

அதுவரை தலை குனிந்து நின்ற பெண் மெதுவாக வாய் திறந்தார். "சாமி, அவிய இல்லைன்னு சொல்லலையே. பாக்கலைன்னுதான சொன்னாவ. பாக்கலைன்னா மறுபடியும் முங்குவாவ. எங்க அப்பாவும் குளியாள்தான்."

சாமியார் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். "அப்படியானால் ஞாயிறுதோறும் இங்கே வந்து முங்கட்டும்" என்றார். அடுத்த ஞாயிறே ஓலை வாசித்தார். அந்தப் பெண்தான் எங்கள் மதினி.

அண்ணன் ஒரு ஞாயிறும் தவறவில்லை. பூசை முடிந்து வெளியே வந்ததும் மதினி, "இன்னைக்காவது பாத்தியளா?" என்பார்கள். "ஏளா, இன்னும் பாக்கலை" என்பார் அண்ணன். இருவரும் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு நடப்பார்கள். நான் பார்த்த கல்யாணங்களில் அவ்வளவு சந்தோஷமானது வேறில்லை.

அண்ணனைக் கவனித்துக்கொண்ட டாக்டருக்கும், முறைபோட்டுக் கூட இருந்த தெருக்காரர்களுக்கும், பெட்டியைத் தோளில் சுமந்த குளியாட்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. மதினிக்கு எப்படி நன்றி சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

கடைசி நாளில் அண்ணனுக்குப் பேச்சு நின்றிருந்தது. சாமியார் வந்து நெற்றியில் அவஸ்தைத் தைலம் பூசிவிட்டுப் போனதும், மதினி குனிந்து, "பாத்தியளா?" என்று கேட்டார்கள். அண்ணன் மதினியின் கையைப் பிடித்து, கயிற்றைப் போலச் சுண்டி இழுத்தார்.

மதினி குளியாளின் மகள். மறுபடி கேட்கவில்லை.