வழிவிட்டவருக்கு ஒரு விரல்

பாலத்தில் ஏறியதுமே எஃபி டர்ன்புல்லின் ஆள்காட்டி விரல் ஸ்டீயரிங்கை விட்டுத் தானாக உயரும். எதிர்க்கரையில் வண்டியை நிறுத்தி வழிவிட்டவருக்கு அது நன்றி. ஒரு வண்டி மட்டுமே போகக்கூடிய கல்பாலம். முதலில் ஏறியவருக்கே வழி. அவள் காத்து நின்றும் விரல் தூக்காமல் கடக்கிறவர்களை லேசில் விடமாட்டாள். கண்ணாடியை இறக்கி, "கை என்ன சுளுக்கிக்கிச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் நகர்வாள்.

அறுபதைத் தாண்டிய ஒடிசலான உடம்பு. கோட்டுப் பையில் ஆட்டுக்குட்டிகளுக்கு ஒரு பால்புட்டி, பாதி தின்ற ஓட்ஸ் பிஸ்கட். ஆடுகளிடம் ஒரு குரல், அதிகாரிகளிடம் ஒரு குரல். ஆடுகளுக்குத்தான் மரியாதை அதிகம்.

பாலத்துக்கு இரண்டு வளைவுகள். ஒன்றின் கீழ் ஆறு. மற்றதன் கீழ் பழைய ரயில் தடம். தண்டவாளத்தைப் பிடுங்கிக்கொண்டு போய் எத்தனையோ காலமாயிற்று. ஆறு பெருகினால் சாலைதான் முதலில் முழுகும். அப்போது கீழ்வயலில் நிற்கும் எஃபியின் ஆடுகள் அந்த ரயில் வளைவு வழியாகத்தான் மேட்டுக்கு ஏறும். நாய்கூட விரட்ட வேண்டாம்.

அந்த வளைவைத்தான் கான்கிரீட் ஊற்றி அடைக்கிறார்களாம். பாலம் பலவீனமாம். அளக்க வந்த பொறியாளன் ரோரி, கீழே எதுவுமே போவதில்லையே என்று சொல்லிவிட்டான். எஃபிக்கு வந்ததே கோபம்!

"ரயில் போகலன்னா எதுவுமே போகலன்னு அர்த்தமா தம்பி? போன வெள்ளத்துல என் மந்தை எந்த வழியா வந்துச்சு, ஆகாசத்துலயா? இதை அடைச்சிட்டா, தண்ணி வர்ற அன்னிக்கு நீ வந்து ஒவ்வொண்ணா தூக்கிட்டுப் போவியா?"

மேலிடத்து முடிவு என்று அவன் நழுவிவிட்டான். மேலிடத்துக்கு என்ன, அங்கே வெள்ளமா வரப்போகிறது?

இந்தப் பக்கத்து வளைவை அடைக்க, நேற்றுக் காலை எதிர்க்கரைக்குக் கான்கிரீட் லாரி வந்தது. பலவீனமான பாலம் என்றார்களே, அதன் மேலேயே இத்தனை கனத்தை ஓட்டி வரலாமா? என்ன அநியாயம்! எஃபி முந்திக்கொண்டாள். மந்தை முழுவதையும் பாலத்தில் ஏற்றி, நடுவில் வந்ததும் நாய்க்கு ஒரு சீழ்க்கை அடித்தாள். நாய் படுத்தது, ஆடுகள் நின்றன.

லாரிக்காரன் உள்ளூர் ஆள். முதலில் ஏறியவருக்கு வழி என்பது தெரிந்தவன். ஓரங்கட்டிவிட்டுக் காத்திருந்தான். லாரியின் முதுகில் கலவை உருளை மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. நிற்க நிற்க உள்ளே கலவை இறுகிவிடும். ரோரி ஆடுகளை விலக்கிக்கொண்டு ஓடிவந்து, எப்போது நகர்வீர்கள் என்று கெஞ்சினான்.

"அதுங்களையே கேளு. மேலிடத்து முடிவு."

எஃபி கைப்பிடிச்சுவரில் உட்கார்ந்து, ஃப்ளாஸ்க்கைத் திறந்து, மூடியில் தேநீரை ஊற்றிக்கொண்டாள். ஒரு வாய் குடித்தாள். பிறகு லாரிக்காரனைப் பார்த்து, ஆள்காட்டி விரலை உயர்த்தினாள்.