கரடி ஏன் வெளியே நின்றது

எங்கள் சித்தி படப்புத்தகத்தைப் படித்துக் காட்டமாட்டார், விசாரணை நடத்துவார். ஒரு பக்கத்தை விரித்து வைத்துக்கொண்டு இதில் யார் இருக்கிறார்கள், என்ன செய்கிறார்கள், ஏன் செய்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டே இருப்பார். கதை அடுத்த பக்கத்தில் காத்துக் கிடக்கும். ஆறு வயதில் எனக்கு அது தாங்க முடியாத எரிச்சலாக இருந்தது.

அம்மாவின் தங்கையான அவர் எங்களோடுதான் இருந்தார். அலோர் காஜாவில் ஒரு பாலர் பள்ளியில் உதவியாளர் வேலை. நானும் நாலு வயதுத் தம்பியும் அங்கேதான் படித்தோம். ஆசிரியர் டிப்ளோமாவுக்கு அவருக்கு ஒரே ஒரு சோதனை பாக்கி இருந்தது. பிள்ளைகளோடு ஒரு படப்புத்தகத்தைப் பற்றிப் பேச வேண்டும், மலாக்காவிலிருந்து ஓர் அம்மையார் வந்து பார்ப்பார். தேறினால் சித்திக்குச் சொந்த வகுப்பு கிடைக்கும். தேறாவிட்டால் இன்னொரு வருஷம் மூக்குத் துடைத்துவிட்டு, மைலோ கலக்கிக் கொடுத்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.

அவர் தேர்ந்தெடுத்தது ஒரு கரடிக் கதை. முதல் பக்கம் முழுக்க வெள்ளை வெளேரென்று பனி. வீட்டுக் கதவு திறந்து கிடக்க, கரடி மூக்குவரை துணியைச் சுற்றிக்கொண்டு தனியாக வெளியே நிற்கும். சோதனைக்கு ஒரு வாரம் இருக்கும்போதே வீட்டில் ஒத்திகை தொடங்கிவிட்டது.

“கரடி ஏன்டா வெளிய நிக்குது?”

“ஃபாகிங்,” என்றான் தம்பி.

எங்கள் தாமான் குடியிருப்பில் யாருக்காவது டெங்கி வந்தால், கொசுவுக்குப் புகையடிக்கும் ஆட்கள் தோளில் இயந்திரத்தை மாட்டிக்கொண்டு வருவார்கள். சோறு கறியை மூடி வைத்து, கதவு சன்னலைத் திறந்து போட்டுவிட்டு, மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு எல்லாரும் ரோட்டில் போய் நிற்போம். வீடே புகைக்குள் மறைந்துவிடும். பனியை அவன் எங்கே கண்டான்?

“ஃபாகிங் இல்லடா, பனி. கரடிக்குக் கூட்டாளி யாரும் இல்ல. அதான் தனியா நிக்குது.”

“மத்தவங்கல்லாம் அந்தப் பக்கம் ரோட்டுல நிப்பாங்க லா, சித்தி.”

மறுநாளும் ஃபாகிங்தான், அதற்கு மறுநாளும் ஃபாகிங்தான். நாலாம் நாள் சித்திக்குப் பொறுமை போய்விட்டது. ஒவ்வொரு பக்கத்துக்கும் என்ன பதில் சொல்ல வேண்டும் என்று அவரே சொல்லிக் கொடுத்தார். நான் ஒரே மூச்சில் மனப்பாடம் செய்துவிட்டேன். தம்பி மட்டும் மசியவில்லை. “நீதான் பெரியவ, அவனப் பார்த்துக்க,” என்று சித்தி சலிப்போடு சொல்லிவிட்டுப் போனார். நான் பார்த்துக்கொண்டேன். ஃபாகிங் என்று வாயைத் திறந்தால் தொடையில் கிள்ளு விழும் என்று அவனுக்கு விளங்க வைத்தேன், இரண்டு முறை கிள்ளியும் காட்டினேன்.

சோதனை நாளில் அந்த அம்மையார் எங்களுடைய குட்டி நாற்காலி ஒன்றில் கோப்போடு உட்கார்ந்தார். நாங்கள் பாயில் இருந்தோம். சித்தி புத்தகத்தைத் திறந்ததுதான் தாமதம், கேள்வி வருவதற்குள் நான் எழுந்து நின்றேன்.

“கரடிக்குக் கூட்டாளி இல்லை. அது தனிமையில் வாடுகிறது. நாம் எல்லாரிடமும் அன்பாகப் பழக வேண்டும்.”

கடைசி வரி ஆறாம் பக்கத்துக்கான பதில். வந்த வேகத்தில் அதையும் சேர்த்துக் கொட்டிவிட்டேன். சித்தியின் முகம் வெளுத்தது. அடுத்த பக்கங்களுக்கும் நான் யாருக்கும் இடம் விடவில்லை.

அம்மையார் சிரித்துக்கொண்டே முதல் பக்கத்துக்குத் திருப்பச் சொல்லி, தம்பியின் பக்கம் குனிந்தார். “ஐயா, உனக்கு என்ன தோணுது? கரடி ஏன் வெளிய நிக்குது?”

அவன் படத்தை வெகுநேரம் பார்த்தான். நான் அவன் தொடைமேல் விரலை வைத்தேன்.

“அக்கா சொல்லும்,” என்றான்.

அம்மையார் கோப்பில் எதையோ நீளமாக எழுதினார். பிறகு சித்தியை வெளியே கூட்டிப்போய்ப் பேசினார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் சிவப்பு விளக்கில் கார் நின்றபோதுதான் சித்தி வாயைத் திறந்தார். “அடுத்த வருஷம் மறுபடியும் செய்யணுமாம். பிள்ளைங்க பேசவே இல்லைன்னு சொல்லிட்டாங்க.”

எனக்குக் கோபம் பொங்கியது. முழுக்க முழுக்கப் பேசியது நான். ஒரு பதில்கூடத் தப்பவில்லை. அந்த அம்மாவுக்குக் காது கேட்கவில்லையா என்று கேட்டேன். சித்தி பின்னால் திரும்பித் தம்பியைப் பார்த்தார்.

“நீ சொல்லுடா. கரடி ஏன் வெளிய நின்னுச்சு?”

அவன் முதலில் என்னைப் பார்த்தான். பிறகு மெல்லச் சொன்னான்.

“கூட்டாளி இல்ல.”

ஒரு வாரமாகத் தொண்டை வறளக் கத்தியும் வராத சரியான பதில் அப்போதுதான் அவன் வாயிலிருந்து வந்தது. பச்சை விளக்கு விழுந்து பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தன. சித்தி காரை எடுக்காமல் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அதுதான் சரியாகச் சொல்லிவிட்டானே, இன்னும் எதற்கு அழுகிறார் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.