கரி எடுத்த பிஸ்டன்

என் வேலையை அண்ணன் ஒரே வரியில் சொல்லிவிடுவான்: "என்ஜினுக்கு ஜொரம் பாக்குறா." கேலிதான். ஆனாலும் அதைவிடச் சரியாகச் சொல்ல எனக்கே தெரியாது. செங்கல்பட்டுப் பக்கம் ஓர் என்ஜின் சோதனைக்கூடத்தில், ஓடும் பிஸ்டன் எந்த இடத்தில் எவ்வளவு சூடாகிறது என்று கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு. மேலும் கீழும் பேய் வேகத்தில் பாய்கிற சாமானில் ஒயர் கட்டிச் சூடு பார்ப்பது பெரிய தலைவலி. அதனால் அரிசி மணி அளவு எஃகுத் திருகுகளை அதில் பதித்து ஓட்டுவோம். சூடு ஏற ஏற எஃகின் கடினம் குறையும். பிறகு கழற்றி, எது எவ்வளவு இளகியிருக்கிறது என்று பார்த்தால், அந்த இடம் கண்ட உச்ச வெப்பம் தெரிந்துவிடும்.

அண்ணன் மாமல்லபுரத்துக்குத் தெற்கே எங்கள் குப்பத்தில் சொந்தமாக ஃபைபர் படகு வைத்திருந்தான். அதன் டீசல் என்ஜின் அடிக்கடி நடுக்கடலில் பிஸ்டன் இறுகி நின்றுபோகும். வேறு படகு கயிறு கட்டி இழுத்து வரும். மெக்கானிக்குகள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். பிஸ்டன் ஒரு பக்கம் மட்டும் சூட்டில் காய்ந்தால் டீசல் தெளிக்கும் நாசில் கோளாறு, மாற்றினால் போதும். சுற்றிலும் காய்ந்தால் என்ஜினே தேறாது, படகை விற்க வேண்டியதுதான்.

"ரெண்டுல இன்னான்னு நீ சொல்லு. நா முடிவு பண்ணிக்கிறேன்" என்றான்.

என் அதிகாரியிடம் கெஞ்சினேன். மிச்சமிருந்த திருகுகள் ஒரு பிஸ்டனுக்கு மட்டும் கிடைத்தன. மறுபடி கேட்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். பதித்துக் கொடுத்தேன். அண்ணன் ஒரு நாள் முழுக்கக் கடலில் ஓட்டிவிட்டுக் கழற்றி, நான் வேலைக்குக் கிளம்பும்போது கொண்டுவந்து தந்தான். புதுத் துண்டில் சுற்றியிருந்தான். பஸ்ஸில் திருக்கழுக்குன்றம் தாண்டியும் மடியிலேயே வைத்திருந்தேன், பிரிக்கவில்லை.

வேலையிடத்தில் பிரித்தால் பிஸ்டன் விளக்கி வைத்த பாத்திரம் மாதிரி மின்னியது. கடலில் ஓடிய பிஸ்டன் அப்படி இருக்காது. சோதித்துப் பார்த்தோம். உச்சியில் இருந்த திருகும் அடியில் இருந்த திருகும் ஒரே அளவு இளகியிருந்தன. எந்த என்ஜினும் பிஸ்டனை அப்படிச் சுடாது. உடனே போன் போட்டேன்.

"அண்ணா, பிஸ்டன இன்னா பண்ண?"

"ஒரே கரி. அப்டியேவா உங்க ஆபீசருங்க கையில குடுப்பாங்க? மெக்கானிக்க வுட்டு கேஸ் தீ காட்டி, கரிய எரிச்சு, தேய்ச்சுக் குடுத்துகீறேன். சோக்கா கீதா?"

எங்கள் குப்பத்தில் மீனைக்கூட அலசாமல் அடுத்த வீட்டுக்குக் கொடுக்க மாட்டோம். மண்ணோடு கொடுப்பது அவமரியாதை. தங்கை வேலை செய்யும் இடத்துக்கு அழுக்குச் சாமானை அனுப்ப அவனுக்கு மனசு வரவில்லை. ஆனால் அந்தத் திருகுகளுக்குத் தாங்கள் கண்டதிலேயே பெரிய சூடு மட்டும்தான் தெரியும். என்ஜினில் பட்ட சூட்டின் தடமெல்லாம் கேஸ் தீயில் அழிந்துபோயிற்று. தீ காட்டாதே என்று சொல்லியனுப்ப வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? இருந்தாலும் மனசு கேட்கவில்லை, இன்றைக்கும்.

"சோக்கா கீதுண்ணா" என்றேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் பதில் கேட்டான். திருகுகள் மட்டமான சரக்கு, ஒன்றும் தெரியவில்லை என்று சொல்லிவிட்டேன். உண்மையைச் சொல்லியிருந்தால் உடைந்துபோயிருப்பான்.

அடுத்த தடவை என்ஜின் நின்றபோது, அது தேறாது என்று அவனே முடிவு கட்டி, படகை விற்றுவிட்டான். வாங்கியவர் நாசிலை மட்டும் மாற்றினார். அதற்குப் பிறகு அது ஒரு தடவைகூட நிற்கவில்லை. அண்ணன் இப்போது அதே படகில் கூலிக்குப் போய் வருகிறான். அவன் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கும்போது நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். போன வாரம் அதை அவன் கவனித்துவிட்டான்.

"நீ ஏம்மா மூஞ்சிய தூக்கி வச்சிகினு கீற? உங்க ஆபீசு திருகு மட்டம், அதுக்கு நீ இன்னா பண்ணுவ? நம்ம பக்கம் நாம சுத்தமாத்தான குடுத்தோம்."