வெட்டாமல் விட்ட செடி

நர்சரியில் கவாத்து செய்த ரோஜாக் கிளைகளின் நுனியில் பசுஞ்சாணி அப்பியிருந்தார்கள். அந்த வாசனை பட்டதும், இப்போது அடுக்குமாடி நிற்கும் இடத்தில் இருந்த எங்கள் காக்ஸ் டவுன் வீட்டுத் தோட்டம், மழை விட்ட ஈரத்தோடு திரும்பி வந்தது.

கிறிஸ்துமஸுக்குப் பூக்க வேண்டுமென்றால் அக்டோபரிலேயே வெட்டியாக வேண்டும் என்பார் அப்பா. கத்தரியின் சத்தம் காம்பவுண்டு ஓரமாகவே நகர்ந்து போய், மூலையிலிருந்த கொத்து ரோஜாவிடம் வந்ததும் நின்றுவிடும். மற்ற செடிகளில் கிளைக்கு ஒன்றாகக் கையகலத்தில் பூக்கும். அம்மா லால்பாக் பூங்கா நர்சரியில் தேடித் தேர்ந்தெடுத்த இந்தச் செடியில் மட்டும் ஒரே காம்பில் சின்னச் சின்னப் பூக்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும், வாசனைகூடக் கிடையாது.

"இத மட்டும் ஏன் சார் விட்டுட்டீங்க?" என்று பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துக் கேட்பார்.

"அது இருக்கட்டும் சார்" என்பார் அப்பா, செடியைப் பார்க்காமல்.

அதையும் வெட்டிவிட்டால் நவம்பர் பிறந்ததும் வரும் கல்லறைத் திருநாளுக்குப் பூ இருக்காது. அன்று எல்லாரும் கூடை கூடையாகப் பூவோடு வர, அம்மா அந்தச் செடியின் ஒரே ஒரு கொத்தை ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவருவாள். நான் பிறப்பதற்கு முன்பே போய்விட்டவனை அண்ணன் என்றுதான் சொல்லிப் பழக்கம். அவன் கல்லறையோ என் ஸ்கூல் பையைவிடக் கொஞ்சம்தான் பெரிது.

"பெரிய ரோஜாவா நெறைய வைக்கலாமேம்மா" என்றேன் ஒரு வருடம்.

அம்மா கொத்தை நடுவில் வைத்து, இதழ்களை மெல்ல விரித்துவிட்டாள்.

"ஒரு கொத்து வச்சாலே நெறஞ்சிடுதேடி."